கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணாதிருங்கள்

விடுமுறைக் காலத்தை முன்னிட்டு இம்மாதக் குடும்பப் பக்கத்தில் பெற்றோருக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் மிகவும் அவசியமான ஒரு காரியத்தைத் தியானிப்போம்.

லூக்கா 2-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி நாம் அடிக்கடி வாசிக்கிற வேதபாகம். பஸ்கா பண்டிகை முடிந்து எருசலேமிலிருந்து ஊருக்குத் திரும்புகையில், 12 வயதுள்ள இயேசு உடன்வருகிறவர்களோடு எங்கேயோ நடந்து வருகிறார் என்று யோசேப்பும் மரியாளும் எண்ணிக்கொண்டார்கள். ஒரு பகல் முழுவதும் நடந்தபின்னரே அவரைத் தேடத் தொடங்கினார்கள். அவர்கள் பக்தியில்லாத பெற்றோர் அல்ல. பிள்ளையின்மேல் அன்பில்லாதவர்களும் அல்ல. சுற்றிலும் உறவினரும் அறிமுகமானவர்களும் நிறைந்திருந்தபடியினாலேயே அப்படி எண்ணினார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால், பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ளுவார்கள் என்கிற எண்ணம் எவருக்கும் எளிதில் வந்துவிடும்.

அவர்களுக்கு மூன்று நாள் கழித்துப் பிள்ளை தேவாலயத்தில் கிடைத்தது. தண்ணீரில் நமக்கு மூன்று நாள் இல்லை. மூன்று நிமிஷம்கூட நிச்சயமில்லை.

சனத்நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலையின் நிமித்தம் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஐதராபாத்தின் கோடை ஒரு சோதனைக்காலம். பள்ளிகள் மூடியிருக்கும். ஊருக்குப் போக எல்லாருக்கும் விடுப்பு கிடைப்பதில்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இரண்டு அறை வீட்டுக்குள் பிள்ளைகளை அடைத்துவைக்கவும் முடிவதில்லை. ஆகையால் உசேன் சாகர் கரையிலே நெக்லஸ் சாலையில் 2007-ல் திறக்கப்பட்ட ஜலவிகாருக்கோ, வெளிவட்டச் சாலையை ஒட்டி ராவிரியாலாவில் 2016-ல் திறக்கப்பட்ட வொண்டர்லாவுக்கோ குடும்பமாகவும், வாலிபர் கூட்டமாகவும், விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டும் போகிறோம். விசுவாசிகள் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகலாமா என்பதைப் பெற்றோரும் போதகரும் ஜெபத்தோடு தீர்மானிக்கட்டும். போகிறவர்கள் அனைவரும் பத்திரமாக வீடு திரும்பவேண்டும் என்பதே நம் பாரம்.

சத்தமில்லாத ஆபத்து

பேதுரு கடலின்மேல் நடந்து, காற்றைக் கண்டு பயந்து அமிழத் தொடங்கியபோது, தன்னை இரட்சிக்கும்படி ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டான். மூழ்குகிற எவரும் அப்படிக் கூப்பிடுவார்கள், கைகளை வீசுவார்கள் என்று நாம் நினைத்திருக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நியூயார்க் நகரின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்து, அதைப் படச்சுருளிலும் பதிவு செய்தார். அவர் கண்டது இதுவே: மூழ்குகிறவரின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருவது கொஞ்ச நேரமே. அந்த நேரம் மூச்சு இழுக்கவே போதாது. கூப்பிட எங்கே நேரம்? கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உயர்த்தி அசைக்க இயலாது. உடல் செங்குத்தாக நிற்கும், கால்கள் உதைக்காது. இந்த நிலையில் ஒருவர் தண்ணீர் மட்டத்தில் போராடுவது 20 முதல் 60 விநாடிகள் வரைதான். அதன்பின் உள்ளே போய்விடுவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி மாண்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. அருகில் எவரும் இல்லாததால் மட்டும் இவை நேரிடுவதில்லை. ஐந்தடி தூரத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்கும்போதும் நேரிடுகின்றன. ஆகையால், சத்தம் கேட்டால் ஓடலாம் என்று கரையில் உட்கார்ந்திராதேயுங்கள். சிரித்துக் கூச்சலிட்டு விளையாடின பிள்ளை திடீரென்று மௌனமானால், அதுவே நீங்கள் எழுந்து ஓடவேண்டிய நேரம்.

அலையெழும் குளம்

வாட்டர் பார்க்கில் எல்லாரும் விரும்பிப்போவது வேவ் பூல். அதன் ஒரு முனை கடற்கரையைப்போலச் சரிந்து ஆழமற்றிருக்கும்; மறுமுனை ஆழம். ஆழமான முனையில் சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் இயந்திரங்கள் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ள, அலைகள் எழுந்து கரைவரை வருகின்றன. சில நிமிஷம் அலை, பிறகு அமைதி, மறுபடியும் அலை என்று மாறிமாறி நடக்கும்.

ஆபத்து அந்த அமைதி வேளையிலேயே தொடங்குகிறது. தண்ணீர் அசையாதிருக்கும்போது ஒரு சிறுவன் கழுத்தளவு ஆழம்வரை நடந்துபோய்விடுகிறான். அறிவிப்பு மணி அடித்து அலை எழும்பினால், கழுத்தளவு நீர் தலைக்குமேல் போகிறது; கால் தரையைவிட்டு எழும்புகிறது. அடுத்த அலைக்குள் நிலைகொள்ள இடமில்லை. சுற்றிலும் பெரியவர்களின் உடல்களும் ரப்பர் மிதவைகளும் மோதுகின்றன. மேலும், அது கடல்நீர் அல்ல, நன்னீர். உப்புநீரில் மிதக்கும் அளவுக்கு நன்னீரில் உடல் மிதக்காது. கலங்கித் துள்ளும் நீரின் கீழே கிடப்பவரை உயிர்காப்பாளரின் கண் எளிதில் காணாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ‘ஆக்‌ஷன் பார்க்’ என்னும் பூங்காவின் அலைக்குளத்தில் மட்டும் 1982, 1984, 1987 ஆகிய ஆண்டுகளில் மூன்று பேர் மூழ்கி மாண்டார்கள். அவர்கள் கைக்குழந்தைகள் அல்லர்; 15 வயதைக் கடந்த வாலிபர். இயந்திரமும் பிழைசெய்யும். 2019 ஜூலை 29 அன்று சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஒரு அலைக்குளத்தின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுபட்டு, பேரலை ஒன்று எழும்பி 44 பேரைக் காயப்படுத்தியது.

நம் தகப்பன்மாரில் பலர் தாமிரபரணியிலும் ஊர்க் கிணற்றிலும் நீந்திக் கற்றவர்கள். ஆகவே இந்தக் குளம் அவர்களுக்கு எளிதாகத் தோன்றலாம். ஆனால் இங்கே வளரும் பிள்ளைகள் ஆற்றையும் கிணற்றையும் அறியார்கள். தகப்பனுக்கு நீச்சல் தெரிந்திருப்பது பிள்ளையின் நுரையீரலைக் காக்காது. ஆகவே,

1. அமைதி வேளையிலும் பிள்ளையின் இடுப்பளவுக்கு மேல் ஆழம் போகவிடாதேயுங்கள்.

2. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, எல்லா பட்டைகளையும் பூட்டுங்கள். காற்றடைத்த கைவளையமும் டியூபும் விளையாட்டுப் பொருள்களே. அவை உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல.

3. 6 வயதுக்குட்பட்ட பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணுக்கு எட்டும் தூரம் போதாது.

4. பக்கச்சுவர்களை ஒட்டியோ, அலை புறப்படும் ஆழமுனைக்கு அருகிலோ நிற்காதேயுங்கள்.

5. மணி அடிப்பதன் பொருளை உள்ளே இறங்குமுன் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். இங்கே அறிவிப்புகள் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ விடுமுறைக்கு வந்திருக்கும் பாட்டிக்கும் அத்தைப் பிள்ளைகளுக்கும் அது புரியாது என்பதை மறந்துபோகிறோம்.

உயரத்திலிருந்து சறுக்கும்போது

சத்துரு ஆண்டவரைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்ளுவார்கள், குதியும் என்று தூண்டினான். ஆண்டவரோ குதிக்கவில்லை, தேவனைப் பரீட்சை பாராதிருக்கும்படி எழுதப்பட்டிருப்பதைக் காட்டி அவனை மேற்கொண்டார். ஜெபித்துவிட்டோம், ஒன்றும் நேராது என்று சொல்லி, பலகையில் எழுதியிருக்கிற உயரவரம்பையும் எடைவரம்பையும் மீறிப் பிள்ளையை ஏற்றுகிறவர் விசுவாசத்தினால் அப்படிச் செய்கிறேன் என்று எண்ணலாம். ஆனால் அந்த ஆலோசனை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை மத்தேயு 4-ம் அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த வரம்புகள் வெறும் சடங்கு அல்ல. சறுக்கில் ஓடும் மெல்லிய நீர் உராய்வை மிகவும் குறைத்துவிடுகிறது. ஆகையால் வேகமும் திசையும் உட்கார்ந்திருப்பவரின் எடையையும் உடலின் நிலையையும் பொறுத்தே அமைகின்றன. அமெரிக்காவின் கேன்சஸ் நகரில் 2014-ல் 17 மாடி உயரத்தில் ஒரு சறுக்கைத் திறந்தார்கள். அதற்கு இடப்பட்ட ஜெர்மானியப் பெயரின் பொருளே ‘பைத்தியம்’ என்பது. மூன்று பேர் அமரும் ரப்பர்ப் படகு அதில் இறங்கும். 2016 ஆகஸ்ட் 7 அன்று, அந்த மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் 10 வயது மகன் முன்னாலும், இரண்டு பெண்கள் பின்னாலும் அமர்ந்து இறங்கினார்கள். முன்பக்கம் எடை குறைந்த அந்தப் படகு இரண்டாவது மேட்டில் ஆகாயத்தில் எழும்பியது. மேலிருந்த வலையைத் தாங்கும் இரும்பு வளையத்தில் மோதிச் சிறுவன் அந்த இடத்திலேயே மாண்டான். படகில் இருந்தவை ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டைகள் மாத்திரமே. 2018-ல் அந்தச் சறுக்கை இடித்துப்போட்டார்கள். நம் கண்டத்திலும் இந்தோனேசியாவின் சுரபாயா நகரில், 2022 மே 7 அன்று கெஞ்சரான் பூங்காவின் சறுக்குக் குழாய் நடுவில் முறிந்து, உள்ளே இருந்த 16 பேர் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தார்கள்.

சறுக்கில் ஏறுகிறவர்கள் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னாக, கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டி, கணுக்கால்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலை முன்னாகவோ, எழுந்து நின்றோ, ஒருவரையொருவர் பிடித்துக் கோவையாகவோ இறங்கலாகாது. முன்னே போனவர் கீழே தொட்டியை விட்டு வெளியேறியதாகப் பணியாளர் சைகை காட்டும்வரை காத்திருக்க வேண்டும். கீழே வந்து விழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நில்லாமல் உடனே விலகவேண்டும். கருவுற்ற சகோதரிகள், இருதய நோய், முதுகுத்தண்டு உபாதை, வலிப்பு நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் ஏறாதிருப்பதே நலம். ‘எல்லாரும் போகிறார்கள், நீயும் வா’ என்று இவர்களைக் கட்டாயப்படுத்தாதேயுங்கள். பயந்து பின்வாங்கும் பிள்ளையைக் கேலிசெய்து தள்ளிவிடுவதும் கூடாது.

உடையும் கூந்தலும்

நம் சகோதரிகள் பலருக்கு இது இடறலான காரியம். சேலையும் துப்பட்டாவும் ஜீன்ஸும் அணிந்தவர்களைச் சறுக்குகளில் அனுமதிப்பதில்லை. நைலான் உடை கேட்கிறார்கள். இது நாகரிகத்துக்காக மாத்திரம் ஏற்பட்ட விதி அல்ல. ஈரச் சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா இணைப்பில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். பருத்தியும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்துக் கனத்து, நீந்தத் தெரிந்தவரையும் கீழே இழுக்கும். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் மறைக்கும் ஒழுக்கமான நைலான் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதை உடுத்த மனமில்லாதவர்கள் கரையில் இருந்து பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்கலாம்; அது சிறிய ஊழியம் அல்ல. நகைகளைக் கழற்றிவைக்கும்படி பூங்காக்காரர் சொல்லுவார்கள். அதில் நம் சபையாருக்குச் சிரமம் இராது.

ஆனால் கூந்தலைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள். குளத்தின் அடியிலும் பக்கச் சுவரிலும் தண்ணீரை உறிஞ்சும் வடிகால்கள் உண்டு. அவற்றின் மூடி உடைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ, அந்த உறிஞ்சுவிசை நீண்ட தலைமுடியையும் சிறு பிள்ளையின் உடலையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க முன்னாள் வெளியுறவுத்துறை அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002-ல் இப்படியே மாண்டாள். அதன்பின் வடிகால் மூடிகளைக்குறித்து 2007-ல் அந்த நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் அவள் பெயரையே தாங்கியிருக்கிறது. பெண்பிள்ளைகளின் கூந்தலைப் பின்னிக் கொண்டையாக முடிந்து, தொப்பியும் அணிவியுங்கள். வடிகாலின்மேல் உட்காரவோ படுக்கவோ கூடாதென்று சொல்லிவையுங்கள்.

தண்ணீரைச் சோதித்தறியுங்கள்

ஆழமான இடத்தில் குளத்தின் தரை தெளிவாகத் தெரிகிறதா என்று கரையில் நின்று பாருங்கள். தெரியாவிட்டால் இறங்காதேயுங்கள். கலங்கின நீர் அசுத்தத்தைக் காட்டுகிறது, மூழ்கினவரையும் மறைக்கிறது. 2024-ல் கேரளத்தில் சில பிள்ளைகளின் உயிரைப் பறித்த மூளையைத் தாக்கும் அமீபாக் கிருமி, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்ந்து மூக்கின் வழியாக உள்ளே போவது. குளோரின் சரியாகக் கலந்த நீரில் அது பிழைப்பதில்லை. பராமரிப்பில்லாத நீரில்தான் ஆபத்து. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை எக்காரணத்தாலும் குளத்தில் இறக்காதேயுங்கள். சில கிருமிகள் குளோரினிலும் பல நாள் பிழைத்திருந்து மற்றவர்களின் பிள்ளைகளைத் தாக்கும்.

சபையாகப் போகும்போது

2014 ஜூன் 8-ஆம் தேதியை ஐதராபாத் மறக்கவில்லை. நம் பகுதிக்கு வடமேற்கே பாச்சுபள்ளியில் உள்ள விஞ்ஞான ஜோதி பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், சுற்றுலாவாக இமாச்சலப் பிரதேசம் சென்று, பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் 24 மாணவர்களும் உடன்சென்ற சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2016-ல் அந்த மாநில உயர்நீதிமன்றம் ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்கவேண்டுமென்று தீர்ப்பளித்தது. அதைச் செலுத்தும் பொறுப்பை மின்வாரியத்தோடும் அரசோடும் கல்லூரியின்மேலும் சுமத்தியது. பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் அவர்களைக்குறித்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சுற்றுலாவை நடத்தும் சபைக்கும் வாலிபர் ஐக்கியத்துக்கும் இது பொருந்தும். மனுஷருடைய நீதிமன்றத்துக்கு முன்பாக மாத்திரமல்ல.

நம் சபைகளில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது நடப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். வயதுவந்த ஒருவர் இடுப்பளவு நீரில் இறங்குகிறார். போதகர் ஒருபுறமும் மூப்பர் ஒருவர் மறுபுறமும் நின்று பிடித்துக்கொள்ளுகிறார்கள். ஒரு விநாடி மூழ்கி எழும்ப இரண்டு பேர் துணை. அதே சபை 40 பிள்ளைகளை அலைக்குளத்தில் இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறக்கப் போய்விடலாமா?

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதை நல்ல மேய்ப்பன் எப்படி அறிந்தான்? அவன் எண்ணினான், ஆகையால் அறிந்தான். நீங்களும் எண்ணுங்கள். புறப்படுமுன் பெயர்ப்பட்டியல் எழுதி, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் குறித்துப் பங்கிடுங்கள். மிகச் சிறியவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர். ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பொறுப்பேற்றவர் செல்போனைப் பையில் வைத்துவிடட்டும். சாப்பிடவோ மாற்று உடை எடுக்கவோ போகிறவர், இன்னொருவரின் பெயரைச் சொல்லி ஒப்புவித்துவிட்டே போகட்டும். அரைமணிக்கு ஒருமுறையும், வேனில் ஏறுமுன்னும் தலைகளை எண்ணுங்கள். பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, துணையைக் காணாவிட்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லும்படி கற்பியுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

பிள்ளையை வெளியே எடுத்தவுடன் தலைகீழாகத் தூக்குவதும், தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். அப்படிச் செய்யாதேயுங்கள். அதில் பொன்னான விநாடிகள் வீணாகும். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகும். சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள். பின்பு மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 வீதம் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுங்கள்; உதவி வரும்வரை இதைத் தொடருங்கள். இன்னொருவர் உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, 108-ஐ அழைக்கட்டும். அந்த 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று நம் ஐதராபாத்திலேதான் தொடங்கியது. தலைகுப்புற விழுந்தவரின் கழுத்தைத் திருப்பாதேயுங்கள். மூழ்கியெடுத்த பிள்ளை எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரக்கூடும். சுற்றி நிற்கும் மற்றவர்கள் ஜெபியுங்கள். ஆனால் ஊதுகிறவரின் கை நிற்கவேண்டாம்.

பிரியமானவர்களே, உபாகமம் 22-ம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டுமென்று கர்த்தர் கட்டளையிட்டார். ஒருவன் விழுந்து இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வராதபடிக்கே அந்தக் கட்டளை. கர்த்தர் தம் ஜனத்தைக் காக்கிறவர். ஆகிலும் சுவர் கட்டும் வேலையை வீட்டுக்காரனிடமே ஒப்புவித்தார். தண்ணீரண்டையில் அந்தக் கைப்பிடிச்சுவர் உங்கள் கண்களே. இந்த விடுமுறையில் புறப்படுமுன் ஜெபியுங்கள். ஜெபித்துமுடித்ததும் பட்டியலைக் கையில் எடுத்து, எந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்று ஒவ்வொரு பெயராகச் சத்தமாய் வாசியுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, போன எண்ணிக்கையில் ஒன்றும் குறையாமல் உங்களை வீடுகொண்டு சேர்ப்பாராக. ஆமென்.

குடும்ப ஜெபவேளையில் சிந்திக்க:

1. நம் பிள்ளைகளில் நீச்சல் அறியாதவர் யார்? இந்த வருஷம் முறையாகக் கற்றுக்கொடுக்க நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?

2. சபைச் சுற்றுலாவில் என் பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது? அவர் பெயரை நான் அறிவேனா?

3. வாசிக்க: லூக்கா 2:41-52, உபாகமம் 22:8, மத்தேயு 4:5-7.